மதலேனுக்கு வைத்த புட்டி

கதையை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்கள் தலையில். பாதியில் யார்மேலாவது இரக்கம் வந்தால் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். இதில் வருகிற மூன்று பேருமே நல்லவர்கள். வம்பே அதுதான்.

புதுச்சேரியில் சவரிநாதன் என்று ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பக்கம் சன்னல் இல்லாத அறையில் ஒயின் புட்டிகளை அடுக்கி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, பெற்ற பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொண்டார். கடற்கரை ஈரத்தில் லேபிள்களை எல்லாம் பூச்சி அரித்துவிட்டது. எந்தப் புட்டி எது என்பது, அது இருக்கும் இடத்தை வைத்து அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதில் பெருமை வேறு!

அறுபதைத் தாண்டியதும் அவருடைய நாக்கு கட்சி மாறியது. ஆசையாகச் சேர்த்த கெட்டிச் சிவப்பு ஒயின் நெஞ்சைக் கரித்தது. மீன் குழம்புக்கு இலேசான வெள்ளை ஒயின்தான் இதமாக இருந்தது. நண்பர் கஸ்பாருக்கு நேர்மாறு, வெள்ளை சலித்துச் சிவப்பின் மேல் ஆசை வந்திருந்தது. ஆகவே இருவரும் புட்டிக்குப் புட்டி மாற்றிக்கொண்டார்கள். மாற்றியதைத் திருப்பிக் கேட்பதில்லை என்று பேச்சு.

இந்த மாற்றலில் சேராத புட்டி ஒன்றே ஒன்று, கீழ்த்தட்டு மூலையில் இருந்தது. மகள் மதலேன் பிறந்த வருஷத்துச் சிவப்பு ஒயின். சவரிநாதனின் மனைவி பிலோமின் வாங்கி வைத்தது. "இது உன் கல்யாணத்துக்கு. நீதான் திறக்கணும்" என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகளுக்குக் காட்டுவாள். சாகும்முன் அவள் கணவரிடம் கேட்டுக்கொண்டதும் அந்தப் புட்டியைப் பற்றித்தான்.

போன மழையில் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. சவரிநாதன் கீழ்த்தட்டில் இருந்ததை எல்லாம் அள்ளி மேலே வைத்தார். தண்ணீர் வடிந்தது. திரும்ப இறக்கி வைக்க மறந்துபோனார். அடுத்த முறை கஸ்பார் வந்தபோது, மேல்தட்டில் கைக்கு வந்த சிவப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

மதலேனின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவள் பாரிஸிலிருந்து வந்து இறங்கினாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"அம்மா பாட்டில் பத்திரமா இருக்காப்பா?"

"இருக்கும்மா. எங்க போயிடப் போவுது?"

சொல்லிவிட்டுத்தான் போய்ப் பார்த்தார். மூலை காலி. மேல்தட்டைத் துழாவினார். அங்கே இருந்தவை எல்லாம் கழுத்துக்குக் கீழே தோள் சரிந்த புட்டிகள். பிலோமின் வாங்கியது தோள் நிமிர்ந்தது. மழையும், கஸ்பாருக்குக் கொடுத்தனுப்பிய புட்டியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. உடனே மகளிடம் சொல்லியிருக்கலாம். மானம் இடம் கொடுக்கவில்லை.

"எடுத்துக் காட்டுங்கப்பா" என்று அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அசைச்சா மண்டி கலங்கிடும்மா. அன்னிக்கே பாத்துக்கலாம்" என்று கதவைச் சாத்தினார். தெரியாமல் சொன்னதற்கு, தெரிந்தே சொன்ன பொய் துணைக்கு வந்தாயிற்று.

அன்று மாலையே வியர்க்க விறுவிறுக்க கஸ்பார் வீட்டுக்கு ஓடினார். "திருப்பிக் கேக்கக் கூடாதுதான். ஆனா கடைசியா நான் குடுத்த பாட்டில் இருக்குதா, கஸ்பார்? அது பிலோமின் வச்சது."

கஸ்பார் நண்பரின் முகத்தைப் பார்த்தார். அதில் ரத்தமே இல்லை. "இருக்குது, இருக்குது. உக்காரு, தண்ணி குடி. கல்யாணத்தன்னிக்கு நானே எடுத்தாரேன்."

"இப்பவே குடுத்துடேன்."

"அதான் எடுத்தாரேன்னு சொல்றேனே!"

அந்த வாரம் முழுவதும் சவரிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் அம்மாவின் பேரை எடுக்கும்போதெல்லாம் வேறு வேலை இருப்பது போல் எழுந்து போனார்.

கஸ்பார் சொன்னபடி கொண்டுவந்தார். தோள் நிமிர்ந்த புட்டி, லேபிள் இல்லை. சவரிநாதனுக்கு உயிர் வந்தது. விருந்தில் எல்லார் முன்னாலும் மதலேன் அதைத் திறந்து தன் கையாலேயே ஊற்றினாள். அந்த வீட்டில் பழைய ஒயினைப் பக்குவமாக ஊற்றுவது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. இத்தனை வருஷம் கிடந்த சிவப்பு ஒயின் செங்கல் நிறத்துக்கு மங்கியிருக்கும், அடியில் மண்டி தங்கியிருக்கும். இதுவோ பீட்ரூட் சாறாகப் பளபளவென்று விழுந்தது. கடைசிச் சொட்டு வரை மண்டியே இல்லை.

சவரிநாதன் திடுக்கிட்டுக் கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவார்? மாற்றி வாங்கிய வாரமே கறிச்சோற்றோடு அதைக் குடித்துத் தீர்த்திருந்தார். நடுங்கி நின்ற நண்பரிடம் அதைச் சொல்ல மனம் வராமல், அதே வடிவத்தில் புதுப்புட்டி ஒன்று தேடிப் பிடித்து லேபிளை உரித்திருந்தார்.

மதலேன் ஒரு வாய் குடித்தாள். கிளாஸை உயர்த்திப் பிடித்தாள்.

"எங்க அம்மா எனக்காக வச்சது. அருமையா இருக்கு!" என்றாள் சத்தமாக. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு சொன்னாள்: "இது அது இல்லன்னு எனக்குத் தெரியும்ப்பா. இப்ப ஒண்ணும் பேசாதீங்க. சாப்பிடுங்க." அவள் கண் நிறைந்திருந்தது.

மகளிடம் அப்பா பொய் சொன்னார், நண்பனிடம் நண்பர் பொய் சொன்னார், சபையில் மகளும் பொய் சொன்னாள். எல்லாம் ஒரே புட்டிக்காக. சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மதலேன் செய்தது. சவரிநாதனின் பொய் தன் மானத்தைக் காப்பாற்ற வந்தது, அதில் பேச்சுக்கே இடமில்லை. கஸ்பாரின் பொய் இரக்கத்தில் பிறந்ததுதான், பலரும் அவர் பக்கம் சாய்வார்கள். ஆனால் அவர் இரக்கப்பட்டது சவரிநாதனுக்காக, அதற்கு விலை கொடுத்தவள் மதலேன். அவளை ஒரு வார்த்தை கேட்காமலே அவள் அம்மாவின் இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டார். புட்டி அவளுடையது, நஷ்டமும் அவளுடையது. அதைச் சொல்லி அழுவதா, விழுங்கிவிட்டுச் சிரிப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. அந்த உரிமையைத்தான் இரண்டு பெரியவர்களும் ஒரு வாரமாக அவளுக்குத் தராமல் வைத்திருந்தார்கள்.