தங்கச்சி சுற்றிப் போன வழி

காற்றுக்கும் கல்லுக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், ஹைட்ரஜன் என்று ஒருத்தி இருந்தாள். தனிமங்களிலேயே எடை குறைந்தவள் அவள்தான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம். அவள் இடுப்பை விட்டு இறங்காத தங்கச்சி ஒருத்தி உண்டு, பெயர் எலக்ட்ரான். ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள்.

ஹைட்ரஜனுக்கு ஆக்சிஜன்மேல் கொள்ளை ஆசை. அவனுக்கும் அப்படித்தான். ஆனால் இருவரும் நெருங்கும்போது ஒரு பொறி பட்டால் போதும், தங்கச்சி அவன்மேல் தாவுவாள், டமார் என்று வெடிக்கும். மூன்று முறை காடு எரிந்தது. மூன்றாம் முறை, காட்டுக்குத் தலைமையான யானை வந்து கறாராகச் சொல்லிவிட்டது.

"இன்னொரு தடவை தீப்பிடித்தால் உன்னை வானத்துக்கு அப்பால் அனுப்பிவிடுவோம். பிறகு அவன் முகத்தையே நீ பார்க்க முடியாது."

"தீப்பிடிக்காது. நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றாள் ஹைட்ரஜன். எப்படி என்று அவளுக்கே தெரியாது. இருந்தாலும் குரலில் துளி நடுக்கம் இல்லை.

ஆக்சிஜன் வீட்டுக்கு இன்னொரு வாசல் இருந்தது. அங்கே சவ்வு என்றொரு காவல்காரர். ஆள் காகிதம் போல ஒல்லி, பிடிவாதம் மட்டும் மலையளவு. ஹைட்ரஜன் அவரிடம் போனாள்.

"நீ உள்ளே போகலாம்மா. இடுப்பில் இருக்கிறவளை விட மாட்டேன். அவள் வெளியே கம்பி வழியாகச் சுற்றி வரட்டும்."

"இவளை நான் ஒருநாளும் இறக்கி விட்டதில்லையே, அண்ணே."

"அதனால்தானே காடு எரிந்தது."

ஹைட்ரஜனுக்குச் சுருக்கென்றது. வாசற்படியில் பிளாட்டினப் பொடி தூவியிருந்தார்கள். அதை மிதித்தால் எப்பேர்ப்பட்ட பிடியும் தளர்ந்துவிடும். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

"சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்துவிடு. நான் அங்கேதான் இருப்பேன்," என்று சொல்லிப் பொடியில் காலை வைத்தாள். பிடி விட்டது.

"அவள் எங்கே?" என்று கேட்டான் உள்ளே இருந்த ஆக்சிஜன்.

"வருவாள். என் தங்கச்சி அவள்."

எலக்ட்ரான் சும்மாவா வந்தாள்? வழியில் ஒரு விளக்கைத் தொட்டாள், அது எரிந்தது. ஒரு சக்கரத்தை இடித்தாள், அது சுழன்றது. துள்ளலையெல்லாம் வழிநெடுகக் கொடுத்துவிட்டு, அக்கா மடியில் வந்து விழுந்தாள்.

"களைச்சுப் போச்சுக்கா."

மூவரும் கைகோர்த்தார்கள். வெடிக்கவில்லை, புகையவில்லை. வெதுவெதுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் பிறந்தது. பிறகு இன்னொரு சொட்டு. யானை வந்து தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தது. குடித்துவிட்டுப் போனது.

அன்று பிடித்துத்தான், மின்சாரம் தரும் எரிபொருள் கலம் என்கிற பெட்டியில் அக்கா சவ்வைக் கடந்தும் தங்கச்சி கம்பி வழியாகச் சுற்றியும் போகிறார்கள். அவள் சுற்றுகிற வழியில் பஸ் ஓடுகிறது, விண்கலத்தில் விளக்கு எரிகிறது, ஆக்சிஜனோடு மூவரும் சேருகிற இடத்தில் புகைக்குப் பதில் தண்ணீர் சொட்டுகிறது.