வடிவக்கா பார்த்தது

"சிஸ்டர், எனக்கு எப்பதான் ஊசி போடக் கத்துத் தரப்போறிய?"

கேட்டவள் வடிவு. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சிக் ரூமில் நர்ஸுக்கு உதவியாளாக இருந்தவள். பேரன் எடுத்துவிட்டாள்.

நர்ஸ் ஜெஸிந்தாவுக்கு வடிவின் மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

"கத்துத் தர மாட்டேன்" என்றாள் ஜெஸிந்தா.

"ஏனாம்?"

"வருசக்கணக்கா படிச்சு, பரீட்சை எழுதி, பதிவு பண்ணின பிறகுதான் எனக்கே ஊசியத் தொடக் கொடுத்தாங்க. அத நான் எப்படிக்கா உங்க கையில தூக்கித் தர முடியும்?"

"அப்ப நான் காலம் பூரா வாந்தி அள்ளிக்கிட்டே கெடக்கணும்?"

வடிவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். முட்டி பெயர்ந்து ரத்தத்தோடு வருகிற பிள்ளையை மடியில் போட்டு, கதை சொல்லி, கழுவித் துடைத்து, அது சிரிக்கிறபடி அனுப்பிவைப்பாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. பிள்ளைகள் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். அவளும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

"வேற ஒண்ணு கத்துத் தாரேன். ஊசிய விடக் கஷ்டம் அது" என்றாள் ஜெஸிந்தா.

"என்னது?"

"வாசல்ல ஒருத்தன் நிக்கான். அவனப் பாத்து எங்கிட்டச் சொல்லுங்க."

வடிவு எட்டிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புப் பையன். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி நின்றான்.

"வயித்து வலி. வேற என்ன? காலையில வெறும் வயித்துல ஐஸ் தின்னிருப்பான்."

"ஐஸ் தின்னத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"வலியப் பாத்தீங்களா?"

"வலிய யாரு சிஸ்டர் பாக்க முடியும்? வயித்தப் பிடிச்சிட்டுல்லா நிக்கான்!"

"அப்ப, வயித்தப் பிடிச்சிட்டு நிக்கான். அத மட்டும் சொல்லுங்க."

வடிவுக்கு எரிச்சலான எரிச்சல். ஓமத் தண்ணியைக் கலக்கவே போய்விட்டாள்.

ஜெஸிந்தா பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன ராசா?" என்று கேட்டாள்.

"நிக்கர் கொக்கி பிஞ்சு போச்சு சிஸ்டர். ஊக்கு இருக்கா?" என்றான் அவன். கையை எடுத்தால் மானம் போய்விடும் என்று வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், பாவம்.

ஜெஸிந்தா ஊக்கைக் குத்தி அனுப்பினாள். சிரிக்கவில்லை. 

"சவத்துப்பய" என்று முனகிக்கொண்டே வடிவு ஓமத் தண்ணியைத் தானே குடித்தாள்.

அன்றிலிருந்து அதுதான் பாடம். யார் வந்தாலும் வடிவு பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

"காய்ச்சல் சிஸ்டர்" என்பாள்.

"அது முடிவுக்கா. பாத்தது என்ன?"

"கண்ணு திருஷ்டி சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்பாள்.

"அதுவும் முடிவுதான்."

"நடிப்பு சிஸ்டர்! அப்பட்டமான நடிப்பு! அவ அம்மாவும் இப்படித்தான், எனக்குத் தெரியாதா?"

"அக்கா."

"சரி, சரி. உதடு காஞ்சிருக்கு. இடது கண்ணு சிவந்திருக்கு. தலையத் தூக்காமலே பேசுதா. போதுமா?"

"போதும்."

"இதச் சொல்ல நான் எதுக்கு? கண்ணுள்ள எவனும் சொல்லுவானே!"

"சொல்ல மாட்டான்" என்றாள் ஜெஸிந்தா.

இந்தச் சின்னப் பெண்ணுக்கு இருக்கிற திமிரைப் பார் என்று வடிவு உள்ளுக்குள் பொருமினாள். ஆனாலும் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. ரோசக்காரி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நஸ்ரின் என்று ஒரு சிறுமி இருந்தாள். ஐந்தாம் வகுப்பு. பால்பல் விழும் முன்பே சுகர் வந்துவிட்ட பிள்ளை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் சிக் ரூமுக்கு வருவாள். ஜெஸிந்தா விரலில் குத்தி மெஷினில் பார்ப்பாள், ஐஸ் பெட்டியில் இருந்து பேனா மாதிரி ஊசியை எடுப்பாள், அளவைத் திருப்புவாள், வயிற்றில் போடுவாள். "போ, உடனே சாப்பிடு" என்று அனுப்புவாள். அதன் பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். அங்கேயும் அவள்தான் நர்ஸ்.

இதை வடிவு தினமும் பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவள் கை தானாகவே அந்தப் பேனாவைத் திருப்பும் போல ஆகிவிட்டது.

ஆண்டு விழா நெருங்கியது. ஒரு மதியம் நஸ்ரினுக்கு ஊசி போட்டாயிற்று. ஜெஸிந்தாவும் கிளம்பிவிட்டாள். வடிவு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வடிவக்கா! வடிவக்கா!"

பி.டி. சார் சுடலைமணி ஓடி வந்தார். அவர் கையில் நஸ்ரின் துவண்டு கிடந்தாள். பின்னால் ரெண்டு டீச்சர்.

"அணிவகுப்புல நின்ன பிள்ள சரிஞ்சு விழுந்துட்டா! சுகர் ஏறிப்போச்சு! ஊசியப் போடுங்க!"

"சிஸ்டர் இல்லியே சார்."

"சிஸ்டர் எதுக்கு? நீங்கதான் தினம் பாக்கியள்லா? உங்களுக்குத் தெரியாததா? போடுங்கக்கா!"

"ஆமாக்கா, போடுங்க, நாங்க இருக்கோம்" என்றார்கள் டீச்சர்கள்.

கரும்பு தின்னக் கூலி என்பார்களே, அதுதான் இது. இத்தனை நாளாக எந்த ஊசிக்கு ஏங்கினாளோ, அந்த ஊசியைப் போடச் சொல்லிப் படித்தவர்கள் எல்லாம் கெஞ்சுகிறார்கள். மெஷின் சிஸ்டர் பையோடு போய்விட்டது. ஆனால் பேனா ஐஸ் பெட்டியில்தான் இருக்கிறது.

வடிவுக்கும் அதேதான் பட்டது. சுகர்காரப் பிள்ளை மயங்கினால் சுகர் ஏறித்தானே மயங்கும்? அவள் மாமனார் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

பிள்ளையைக் கட்டிலில் கிடத்தச் சொன்னாள். ஐஸ் பெட்டியைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள்.

திரும்பி நஸ்ரினைப் பார்த்தாள்.

பேனாவைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"என்னக்கா பண்ணுதிய? பிள்ள போயிரும்!" என்று சுடலைமணி சார் கத்தினார்.

"செத்த நேரம் சும்மா இருங்க சார்" என்றாள் வடிவு. அவரிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. 

ஜெஸிந்தா எடுத்தாள். பின்னால் லாரி இரைச்சல்.

"சிஸ்டர், நஸ்ரினுக்கு..."

நாக்கு நுனி வரைக்கும் வந்ததை வடிவு விழுங்கினாள்.

"நஸ்ரின் சட்டைக் காலர் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. நெத்தி வேர்த்திருக்கு, தொட்டா சில்லுன்னு இருக்கு. விரல் நடுங்குது. என்னயப் பாத்து, அவ அம்மாவக் கூப்பிடுத மாதிரி, 'உம்மா'ங்கா. தோள்ல சாப்பாட்டுப் பை தொங்குது. தூக்கிப் பாத்தா கனமா இருக்கு. டப்பா மூடி திறக்கல."

"சாப்பிடலியா!"

"திறக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"தண்ணி கொடுத்தா விழுங்குதாளா?"

வடிவு ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "விழுங்குதா."

"குளுக்கோஸக் கரைச்சு, உக்கார வச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கொடுங்க. ஊசிப் பக்கம் யாரும் போகக் கூடாது. வண்டியத் திருப்பிட்டேன், வாரேன்."

வடிவு குளுக்கோஸ் டப்பாவைத் திறந்தாள். சுடலைமணி சார் அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"சுகர்காரப் பிள்ளைக்குச் சீனித் தண்ணியா? கொல்லப் பாக்கியளா?"

வடிவுக்கும் அந்தப் பயம் இருந்தது. கையை உதறினாள். கரைத்தாள். பிள்ளையை மார்போடு சாய்த்து வைத்துக்கொண்டு கொடுத்தாள். ஒரு வாய். பொறுத்து, இன்னொரு வாய்.



கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நஸ்ரின் கண்ணை நன்றாகத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"டாக்டரம்மா, பசிக்கு" என்றாள்.

அப்போதுதான் வடிவுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து பிள்ளைக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

ஜெஸிந்தா தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். விரலில் குத்திப் பார்த்தாள். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசி போட்ட பிள்ளைய யாரு சாப்பிட விடாம கிரவுண்டுக்குக் கூட்டிப் போனது?"

சுடலைமணி சார் தலையைக் குனிந்துகொண்டார். "சீக்கிரம் விட்டுறலாம்னு நினைச்சேன் சிஸ்டர்."

"ஊசி உள்ள போயிட்டு, சோறு உள்ள போகல. சுகர் தரைக்கு இறங்கிட்டு. அதுக்கு மேல இன்னொரு ஊசியும் போட்டிருந்தா, பிள்ள நமக்கு இல்ல சார்."

சாருக்கு முகம் வெளிறிவிட்டது. வடிவைப் பார்த்துக் கை கூப்பினார்.

"எங்களுக்கெல்லாம் தோணல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குக்கா, சுகர் இறங்கிட்டுன்னு."

"எனக்கா?" என்றாள் வடிவு. "இல்ல சார். ஏறிட்டுன்னுதான் நானும் நினைச்சேன்."

ஜெஸிந்தா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏறிட்டுன்னு நினைச்சீங்களா?"

"ஆமா. சத்தியமா."

"போன்ல அதச் சொல்லலியே!"

வடிவு அடுத்த உருண்டையைப் பிசைந்தாள்.

"அத நான் பாக்கலியே, சிஸ்டர்."