இருநூற்று எண்பது பவுண்டு

அன்றைக்குப் பூமிநாதன் சொன்ன பொய் மொத்தம் ஏழு. அடுத்த சனிக்கிழமை எட்டாவதாக ஒன்று சொன்னார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இடம், டெக்சாஸில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பெருமாள் கோயிலின் சமையற்கூடம். புரட்டாசி நான்காம் சனிக்கிழமை. நானூறு பெட்டிப் புளியோதரை கட்டவேண்டும், பெட்டிக்குக் கால் கிலோ. எண்ணுகிற வேலை எனக்கு.

பூமிநாதனின் மகன் அழகுவேலுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்து அமெரிக்கக் கால்பந்து அணியில் இருக்கிறான். பந்து வைத்திருப்பவன் மேல் பாய வருகிறவர்களை நெஞ்சு கொடுத்து மறிப்பதுதான் அவன் வேலை. பந்தைத் தொடவே மாட்டான். அதனால் பத்திரிகையில் ஒரு முறைகூட அவன் பெயர் வந்ததில்லை. இவன் மறித்த வழியில் ஓடிய பையன் பெயர் ஒன்பது முறை வந்தது. ஒரு கல்லூரியும் இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் போன் செய்தார். பையன் இருநூற்று எண்பது பவுண்டு இருந்தால் அணியில் இடம், நான்கு வருடமும் படிப்பு இலவசம். ஒரு பவுண்டு குறைந்தாலும் இல்லை. சனிக்கிழமை பையன் கோயிலில் இருப்பான் என்றதும், நான்கு மணிக்கு அங்கேயே வந்து பார்க்கிறேன் என்றார்.

"இருநூத்தித் தொண்ணூறு இருக்கான் சார்" என்று பூமிநாதன் போனிலேயே சொல்லிவிட்டார். அது வியாழக்கிழமைப் பொய். இந்த ஏழில் சேராது.

"அரிசி மூட்டை நிறுக்கிற தராசு அந்தா இருக்கே. ஒரு தடவை ஏத்திப் பாத்துருவோமா, பூமி அண்ணே?" என்றான் வைரவன். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், எதையும் சரிபார்க்காமல் நம்பமாட்டான்.

"தராசா?" என்றார் பூமிநாதன், கறிவேப்பிலையை உருவிக்கொண்டே. "தராசு தாங்காதுப்பா. இவன் நிழலையே பூமி தாங்கலை. போன மாசம் எதிர் அணிக்காரன் பஸ்ஸு உள்ளே வருது. மைதானத்துல இவன் நிழல் விழுந்து கிடக்கு. பாலம் இடிஞ்சு கிடக்குன்னு நினைச்சு டிரைவர் வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டான்."

ஒன்று.

"அப்ப யார்கூட விளையாடுனாங்க?" இது சம்பூரணம். பூமிநாதனின் அக்கா, சமையற்கூடத்துக்குத் தலைமை. பொய் சொல்லமாட்டாள், சொல்பவர்களைச் சும்மாவும் விடமாட்டாள்.

"சுத்தி வளைச்சுப் பின்வாசல் வழியா வந்தானுவ, யக்கா. வந்து என்ன? மொத மோதலிலேயே மூணு பேரு மல்லாந்துட்டானுவ. அதுல ஒருத்தன் எந்திரிச்சதும் தமிழ்ல 'அம்மா'ங்கான்."

"விழுந்தா எந்த ஊர்க்காரனும் அம்மான்னுதான் கத்துவான்."

"கத்துறது சரி. அவன் என்கிட்ட வந்து 'நல்லா இருக்கீங்களா, ஊர்ல மழை உண்டா'ன்னும் கேட்டாம்லா!"

இரண்டு. அழகுவேல் மூலையில் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வயிறு இரைந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றான் வைரவன்.

"புலி உறுமுது" என்றார் தகப்பன். நான் அதையும் சேர்த்து மூன்று என்று வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, மணி ரெண்டாச்சு. தராசு..."

"சூறாவளி வந்தது தெரியுமா உனக்கு? ஏப்ரல்ல. பள்ளிக்கூடத்தைப் பாத்து நேரா வருது. பிள்ளைங்க எல்லாம் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சிட்டு. கோச்சு இவன் காதுல, 'வேலு, வாசல்ல நில்லு'ன்னாரு. இவன் போயி, ஒரு கையைத் தரையில ஊனிக் குனிஞ்சு நின்னான். சூறாவளி இடப்பக்கம் போகப் பாத்துது. இவனும் இடப்பக்கம். வலப்பக்கம் போகப் பாத்துது. இவனும் வலப்பக்கம். பத்து நிமிஷம்! கடைசியில அது மூச்சு வாங்கி ஓக்லஹோமாவுக்குப் போயிட்டு."

"அந்தச் சூறாவளி மொதல்லயிருந்தே ஓக்லஹோமாவுலதான்ணே அடிச்சுச்சு. நான் செய்தியில பாத்தேன்."

"அங்கே ஏன் போச்சுன்னு செய்தியில சொன்னானா?"

நான்கு.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அழகுவேல் குனிந்து உட்கார்ந்தால் மைதானம் அந்தப் பக்கம் சாய்கிறதாம். அதனால் இரண்டாம் பாதியில் இவர்கள் அணி சும்மா நின்றாலே பந்து தானாக உருண்டு எதிரியின் எல்லைக்குப் போகிறதாம். ஐந்து. ரயில்வே கேட்டில் நூற்றுப் பத்துப் பெட்டிகளோடு வந்த சரக்கு ரயிலை, வாத்துக் குடும்பம் ஒன்று தண்டவாளத்தைக் கடக்கட்டும் என்று தோளைக் கொடுத்து நிறுத்தினானாம். ஆறு.

"ரயில் பெட்டியை எண்ணுனியாலே?" என்றாள் சம்பூரணம்.

"வாத்தையும் எண்ணுனேன். ஏழு. காலேஜ்காரங்க சும்மாவா வாராங்க? நாப்பத்தொரு கோச்சு வந்துட்டுப் போயாச்சு. வீட்டுல இட்லிக் கொப்பரை இறக்கவே இல்ல. ஒருத்தர் என் கார் ஷெட்டிலேயே பாய் போட்டுப் படுத்துக்கிட்டாரு. இவன் சரின்னு சொல்லாம எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு..."

ஏழு.

"நாப்பத்தொரு பேரு வந்தாங்க" என்றாள் சம்பூரணம் மெதுவாக. "அப்ப இன்னிக்கு வாற ஒருத்தருக்குப் போயி நீ என்னத்தை உருவுதே, கையைப் பாருலே."

பூமிநாதன் கையிலிருந்த கறிவேப்பிலையைப் பார்த்தார். இலையெல்லாம் கீழே கிடந்தது. காம்பைப் பாத்திரத்தில் போட்டிருந்தார்.

அழகுவேலே எழுந்துபோய்த் தராசில் ஏறினான். முள்ளை நான்தான் படித்தேன். இருநூற்று எழுபத்துநான்கு.

மணி மூன்று இருபது. ஆறு பவுண்டு குறைகிறது.

"போன மாசம் எண்பத்தொண்ணு இருந்தேன், அத்தை" என்றான் பையன். அன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பெறகு எப்பிடிலே குறைஞ்சே?"

வைரவன்தான் சொன்னான். "அக்கா, இவனுக்குக் காலேஜ்ல இடம் கிடைக்கணும்னு புரட்டாசி அஞ்சு சனிக்கிழமையும் பட்டினி விரதம்னு வேண்டிக்கிட்டது யாரு?"

வேண்டிக்கொண்டது சம்பூரணம். நான்கு வாரமாக வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்தில் மூன்று மணி நேரம் மோதிவிட்டு, சனிக்கிழமை முழுக்க வெறும் வயிற்றோடு அண்டா தூக்கியிருக்கிறான் பையன்.

சம்பூரணம் இடுப்பில் கைவைத்து நின்றாள். சன்னதிப் பக்கம் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், கட்டி அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மத்தியானம் நைவேத்தியம் ஆயிட்டுதுல்லா?"

ஆயிற்று என்று தலையசைத்தேன்.

"அப்ப இது சாப்பாடு இல்ல, பிரசாதம். பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றதுதான் பாவம். உக்காருலே."

அழகுவேல் உட்கார்ந்தான். முதல் பெட்டி திறந்ததைப் பார்த்தேன், மூடியதைப் பார்க்கவில்லை. பூமிநாதன் பெட்டியைப் பிரித்துக் கொடுக்க, வைரவன் காலிப் பெட்டியை வாங்கி அடுக்க, சம்பூரணம் "பெருமாளே, கணக்குல வைக்காதேயும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கணக்கில் வைத்தேன். மூன்று ஐம்பத்தைந்துக்கு வாசலில் கார் சத்தம் கேட்டது. அப்போது பதினொரு பெட்டி ஆகியிருந்தது. நானும் சம்பூரணமும் வைரவனும் வரவேற்கப் போனோம். தகப்பனும் மகனும் வாய் கழுவிவிட்டு வந்தார்கள்.

பயிற்சியாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். பையனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தராசைக் காட்டினார். பூமிநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

இருநூற்று எண்பத்துமூன்று.

அவர் பையனுக்குக் கை கொடுத்தார். பையன் வாயைத் திறக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த சனிக்கிழமை அதே சமையற்கூடம். புதிதாக வந்த இரண்டு பேருக்குப் பூமிநாதன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "தராசுல இவன் மெதுவாத்தான் ஏறுனான். எண்பத்துமூணு! குதிச்சு ஏறியிருந்தா தராசு..."

"பிரசாதம் நிறையச் சாப்பிட்டானாமே, அதான் எடை வந்துச்சாம்?" என்றார் வந்தவரில் ஒருவர்.

"யார் சொன்னா? விரதத்துல இருக்கிற பிள்ளை. ஒரு வாய் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான், அவ்வளவுதான்."

எட்டு. நான் அந்தக் கூடத்தில் வாயைத் திறப்பவன் இல்லை. ஆனால் இந்த மனிதர் ஒன்றைக் குறைத்துச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. பொறுக்கவில்லை.

"பதினொரு பெட்டி" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னதுதான் சொன்னோம் என்று, ஒரு வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்ததையும் கேட்டுவிட்டேன்.

"பதினொரு பெட்டி ரெண்டே முக்கால் கிலோ. அது ஆறு பவுண்டு. எழுபத்துநாலும் ஆறும் எண்பது. மேற்கொண்டு மூணு பவுண்டு எங்கேயிருந்து வந்தது?"

பூமிநாதன் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க பெட்டியைத்தானே அண்ணாச்சி எண்ணுனீங்க?" என்றார். "அண்டா அடியில மிஞ்சுனதை எண்ணலையே."

போன சனிக்கிழமை அந்தப் புளியோதரை அண்டாவைக் கழுவியது நான். தேய்க்க அதில் ஒரு பருக்கைகூட இருக்கவில்லை.