ஃபேன் நின்ற இடம்

தேவசகாயத்துக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருஷம் மெல்லிசைக் குழுவில் தபலா வாசித்தவர். போன ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. குழுவில் பாடிக்கொண்டிருந்தது அவருடைய தம்பி ஞானப்பிரகாசம். அவனும் நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான்.

தம்பியை அடக்கம் செய்த ஆறாம் நாள், தேவசகாயம் பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையைத் தேடிப் போனார். அங்கே ஜமீலா டீச்சர் கம்ப்யூட்டரில் இசை அமைக்கச் சொல்லிக்கொடுக்கிறார். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. பிறவியிலேயே கண் தெரியாது. கம்ப்யூட்டர் தன் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும்; அவர் விரலால் தட்டிக்கொண்டே கேட்பார்.

தேவசகாயம் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி கடைசியா பாடினது டீச்சர். வார்டுல வச்சுப் பாடினான். நாங்களே கட்டின பாட்டு. கடைசி ரெண்டு வரி பதிவுல இல்ல. இதுக்குத் தபலா போட்டு, நாப்பதாம் நாள் ஜெபத்துல கேக்க வைக்கணும்."

"கத்துக்கிடலாம் அண்ணாச்சி."

"இன்னொண்ணும் கேக்கணும். அந்த ரெண்டு வரியை அவன் குரல்லயே பாட வைக்க ஏதாவது வழி உண்டா?"

"உண்டு" என்றார் டீச்சர். "முதல்ல இருக்கிறதைப் பாப்போம்."

அவர் சொல்லிக்கொடுத்தது ஒரு சின்ன சாஃப்ட்வேர். திரை முழுக்க வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தில் ஓர் அடி விழும். அதோடு சேர்த்துக்கொள்ளும் சின்னத் துணைச் செயலிகளுக்குப் பிளக்இன் என்று பெயர்: தபலா வேண்டுமானால் தபலா பிளக்இன், வீணை வேண்டுமானால் வீணை பிளக்இன். தேவசகாயம் இடது கையால் மவுஸைப் பிடித்து முதல் கட்டத்தில் ஓர் அடி வைத்தார். நாலு கட்டம் தள்ளி இன்னொன்று. ஓட விட்டார். ஒரு வருஷம் கழித்து அவர் விரலிலிருந்து தாளம் வந்தது. அன்றைக்கு அவர் வேறெதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த இரண்டு அடியையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் வந்துவிடுவார். தம்பியின் குரலை ஒரு டிராக்கில் வைத்தார். தபலாவை இன்னொன்றில். இரண்டும் சேரவில்லை. மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் ஞானப்பிரகாசம் பின்தங்கியிருந்தான். கட்டங்கள் அவனுக்காக நிற்கவில்லை.

தாளத்தைச் சரிசெய்யும் பிளக்இன் ஒன்றைப் போட்டார். அது குரலை இழுத்தும் நறுக்கியும் கட்டத்துக்குள் உட்கார வைத்தது. இருமலை எடுக்க ஒன்று போட்டார். பெரிய கோயிலில் பாடுவதுபோல் எதிரொலிக்க ஒன்று. ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு டீச்சரைக் கேட்பார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா வேலை பாக்குது அண்ணாச்சி."



அடக்கம் செய்த இருபத்தெட்டாம் நாள் தேவசகாயம் வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னார். இனி அந்த இரண்டு வரியைத் தம்பி குரலில் பாட வைப்பதுதான் பாக்கி. டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். எல்லா பிளக்இன்னையும் ஒவ்வொன்றாக அணைத்தார். தபலாவையும் அணைத்தார். வெறும் குரலைக் கேட்டார். கடைசிப் பகுதியை மறுபடியும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, ஃபேன் எங்க போச்சு?"

"எந்த ஃபேன்?"

"அவரு பாடும்போது பின்னால வார்டு ஃபேன் ஓடுது. கடகடன்னு ஒரு சத்தம். கடைசில அவரு மூச்சு வாங்க நிறுத்துதாரு. அதோட ஃபேனும் நின்னுட்டு. போனைத் தொட்டு நிறுத்தின சத்தமும் இல்ல. மனுஷன் நிறுத்தினா பாட்டுதானே நிக்கும்?"

தேவசகாயம் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கரண்டு போயிருக்கும்."

 கீழே தெருவில் ஒரு லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது போய்ச் சேர்ந்தது.

"நான்தான் வெட்டினேன்" என்றார் தேவசகாயம்.

"அதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"என் சத்தம் இருக்கு. பாட்டு நடுவுல அவன் தாளத்தை விட்டுட்டான். எனக்குப் பொறுக்கல. முப்பது வருஷப் பழக்கம். போதும், நாளைக்குப் பாடுன்னு சொல்லிட்டேன். விடியக்காலம் நர்ஸ் வந்து அவனை எழுப்பினாங்க. அவன் எந்திரிக்கல."

"முழுசு போன்ல இருக்கா?"

"இருக்கு. என் சத்தம் எங்க ஆரம்பிக்குன்னு தெரியும். அதுக்கு முன்னாலயே வெட்டிட்டேன். அங்கிட்டு நான் கேட்டதில்ல."

"போனைக் குடுங்க."

அவர் கொடுத்தார். டீச்சர் முழுப் பதிவையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கட்டங்களில் இருபது நாளாகத் தேவசகாயம் வைத்திருந்த அடிகளை ஒரே தட்டில் அழித்தார். கம்ப்யூட்டர், "எல்லாம் நீக்கப்பட்டது" என்று படித்தது.

"டீச்சர்" என்றார் தேவசகாயம்.

"தபலா பிளக்இன் மட்டும் இருக்கு. இந்தப் பொத்தான்ல தட்டினா அடி விழும். அவரு பாடட்டும். நீங்க இடது கையால வாசிங்க."

"அவன் தாளத்துல நிக்கமாட்டான்."

"மேடையில நிக்கலன்னா என்ன செய்வீங்க?"

"முறைப்பேன்."

"முறைச்சா?"

"திரும்ப வந்துருவான்."

"வரலன்னா?"

"நிறுத்திருவேன்."

"இப்ப முறைச்சா அவருக்குத் தெரியாது" என்றார் டீச்சர். பதிவை ஓட விட்டார்.

ஃபேன் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். ஞானப்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தான். தேவசகாயத்தின் இடது கை முதல் வரியில் இரண்டு தடவை முந்திக்கொண்டது. இரண்டாவது வரியில் தம்பி மூச்சுக்குத் திணறி நின்றபோது கையும் நின்றது. அவன் எப்போது தொடங்குவான் என்று தெரியவில்லை. கை பொத்தானுக்குமேல் காத்துக்கொண்டிருந்தது. அவன் தொடங்கினான். கை கூடவே விழுந்தது. அடி சுமாராகத்தான் இருந்தது. பிள்ளைகள் டெஸ்க்கில் தட்டுவதுபோல இருந்தது. ஆனால் அதன் பிறகு பாட்டும் அடியும் எந்த இடத்திலும் பிரியவில்லை.

இப்படி ஒரு நாளும் இவனுக்குப் பின்னால் போனதில்லை என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது. அவருக்குக் கண் மறைத்தது. திரையில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. தம்பி நிறுத்தினான். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. அதன்மேல் தேவசகாயத்தின் குரல், அவர் நினைத்திருந்ததைவிடக் கடுமையாக வந்தது.

"தாளம் போச்சுலே. போதும். நாளைக்குப் பாடு."

மறுபடியும் ஃபேன். ஒரு இருமல். பிறகு ஞானப்பிரகாசம் மெதுவாகச் சொன்னான்.

"சரிண்ணே."

பதிவு முடிந்தது.

 வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிப் போனது. 

"அந்த ரெண்டு வரி வேண்டாம் டீச்சர்" என்றார் கடைசியில். "அது போகட்டும். இதுவரைக்கும் போதும்."

"சரி."

"என் சத்தத்தை மட்டும் எடுத்துருங்க. ஜெபத்துக்கு வாரவங்க கேக்கக் கூடாது. அவன் பொண்டாட்டி கேக்கக் கூடாது. ஃபேன் சத்தம் விட்டுப்போகாம, வெட்டினதே தெரியாம எடுக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப எடுங்க."

டீச்சர் விரலால் தேடி அந்த இடத்துக்கு வந்தார். கம்ப்யூட்டர் நொடியைப் படித்தது. அவர் விரலை அழிக்கும் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, தேவசகாயம் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"எடுத்துருதேன் அண்ணாச்சி. பெறகு அவரு யாருக்குச் 'சரிண்ணே' சொல்லுதாரு?"