பட்டியலில் இல்லாத மாசிலாமணி

நத்தமேட்டு ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிகள் ஐந்து. மூளை எத்தனை என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த சவாரி யாருக்கு என்று தினமும் சட்டை கிழிந்ததால், மொபைல் கடை ஷாஜகான் அவர்களுக்கு 'பாட்' என்று ஒரு போன் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். கம்பத்தில் கட்டிய போன், பட்டியலைப் பார்த்துப் பேர் சொல்லும். யார் பேரோ அவன்தான் கிளம்பலாம். தலைவர் உத்தண்டி அதற்குத் தினம் சூடம் காட்டினார்.

பட்டியலில் மட்டும் இன்னும் ஏழு பேர். இரண்டாவது சேவுகன், வண்டியை விற்றுவிட்டான். மூன்றாவது தங்கப்பழம், மலேசியா போய்விட்டான். நாலாவது மாசிலாமணி. அவன் மகள் பூங்கொடிக்கு இன்றோ நாளையோ பிரசவம். "என் புள்ள என் வண்டியிலதான் ஆஸ்பத்திரி போகும்" என்று சீட்டுக்குப் புது உறை போட்டு வைத்திருந்தான்.

"ரெண்டையும் மூணையும் நீக்குங்க" என்றான் ஷாஜகான், போனில்.

உத்தண்டி இரண்டை நீக்கினார். சேவுகன் போனான். கீழே இருந்தவர்கள் ஆளுக்கொரு படி மேலே ஏறினார்கள். தங்கப்பழம் இரண்டுக்கு, மாசிலாமணி மூன்றுக்கு. உத்தண்டி அந்த ஒழுங்கை மெச்சிவிட்டு, மூன்றை நீக்கினார்.

"தலைவரே, என் பேரு போச்சே!"

"மூணை நீக்கச் சொன்னான், நீக்கியாச்சு. நீ ஏன்டா மூணுல போய் நின்னே?"

மாசிலாமணி வெகுநேரம் யோசித்தான். தான் ஏன் அங்கே போய் நின்றோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

சவாரி ஒன்று வந்தது. போன், "தங்கப்பழம்" என்றது. ஸ்டாண்டு டிரைவர் பிச்சமுத்து மலேசியாவுக்குப் போன் போட்டான்.

"மாப்ளே, உன் முறை. பார்ட்டி நிக்குது."

"லீவு கேட்டுப் பாக்குறேன்டா."

பார்ட்டி அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தே போனார்.

விஷயம் கேட்ட ஷாஜகான் தலையில் அடித்துக்கொண்டான். "மேலேருந்து நீக்கினா கீழ உள்ளதெல்லாம் நகரும்யா! எப்பவும் கடைசியிலேருந்து நீக்கிட்டு வாங்க!"

கடைசியிலிருந்து நீக்கிக்கொண்டே வந்தார்கள். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. ஒன்றில் இருந்தது உத்தண்டியின் பேர்.

"உங்களை மட்டும் விட்டுடலாமே, தலைவரே?" என்றான் பிச்சமுத்து.

"ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமாடா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

"ஸ்டாண்டில் யாரும் இல்லை" என்றது போன்.

ஐந்து பேரும் மரியாதையாகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்நேரம் மாசிலாமணியின் மனைவி கூப்பிட்டாள். "புள்ளைக்கு வலி வந்துருச்சுய்யா! வண்டியை எடுத்துட்டு வா!"

மாசிலாமணி தலைவரைப் பார்த்தான். தலைவர், "பட்டியல்ல உன் பேரு இல்லையேடா" என்று சோகமாகத் தலையை ஆட்டினார்.

தலைதெறிக்க ஓடி, பக்கத்து ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவைப் பிடித்து, மகளையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டான். வண்டி நத்தமேட்டைத் தாண்டும்போது டிரைவர் கேட்டான்: "புது உறையெல்லாம் போட்டு ஒரு வண்டி சும்மா நிக்குதே, யாருதுண்ணே?"

"மாசிலாமணியோடது" என்றான் மாசிலாமணி. "இருந்திருந்தா இந்நேரம் அவரே ஓட்டியிருப்பாரு. பாவம், ஒத்தப் புள்ள பிரசவத்துக்குக்கூட இல்ல, பாருங்க."