கவிழ்ந்த மான்தொட்டி

மலையடிவாரத்து மடத்தின் தலைவி நாச்சியம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் மருதப்பருக்கு அறுபத்தெட்டு. வயதில் சின்னவரிடம் பாடம் கேட்க உட்காரும் பணிவு அவரிடம் இருந்தது. ஆனால் கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும்.

ஐந்து வருடமாக அவர் தினமும் கல்தொட்டியில் தவிடும் கடலையும் கொட்டிவந்தார். காட்டிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வந்து தின்னும். பார்க்கிறவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதில் அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அன்று காலை ஊர்நாய்கள் தொட்டியருகே ஒரு சினைமானைக் குதறிக் கொன்றுவிட்டன. நாச்சியம்மை வந்து பார்த்தார். கடப்பாரையால் நெம்பித் தொட்டியைக் கவிழ்த்தார்.

மருதப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாயை விரட்டாம தொட்டியைக் கவுக்கிறீங்களே, இது என்னம்மா நியாயம்?"

"மான் ஏன் இவ்வளவு தூரம் இறங்கி வருது?"

"காட்டுல மேய ஒண்ணுமில்லை, வருது."

"ஏன் இல்லை?"

"அதைக் காட்டைக் கெடுத்தவனைக் கேளுங்க!"

"வாங்க, கேப்போம்."

மலைச்சரிவில் ஏறினார்கள். ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக்கிடந்தது. அதன் அடியில் பேருக்கு ஒரு புல்கூட இல்லை. இலந்தையும் நெல்லியும் அதற்குள் சிக்கிக் கருகியிருந்தன.

"எந்தப் படுபாவி இந்தச் சனியனை இங்க கொண்டுவந்தான்?"

நாச்சியம்மை புதரின் ஓரமாகவே கீழே இறங்கினார். மருதப்பர் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். புதர் மடத்துப் பூந்தோட்டத்து வேலியில் போய் முடிந்தது.

திட்டு பாதியில் நின்றது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், மடத்தில் சேர்ந்த புதிதில், மருதப்பரே வைத்த உண்ணிச்செடி வேலி அது. மான் வாய் வைக்காத செடியாகத் தேடிப்பிடித்து நட்டவர். இனி ஒரு மான் நம் பூவைத் தொடாது என்று மார்தட்டியவர். அதன் பழத்தைக் குருவிகள் தின்று மலையெங்கும் போட்டிருந்தன.

"இதைப் பிடுங்கிப் புல் வர்ற வரைக்கும் மானுங்க என்னம்மா தின்னும்?"

"நாய் ஏறாத மேட்டுல நான் தழை வெட்டிப் போடுறேன். நீங்க இதை வேரோட தோண்டுங்க" என்று கடப்பாரையை நீட்டினார்.

இரண்டு மழைக்காலம் தோண்டினார். உள்ளங்கை காய்த்துப்போனது. சரிவில் முழங்கால் அளவு புல் எழுந்தது. இலந்தை காய்த்தது. ஒரு காலை மான்கூட்டம் அங்கே மேய்ந்துகொண்டிருந்தது. மருதப்பர் ஆசையாக, பழையபடி நாக்கைச் சொடுக்கி அழைத்தார். ஒரு மான் காதை ஆட்டிவிட்டு மேய்ந்தது. மற்றவை அதுவும் செய்யவில்லை.

"பாத்தீங்களாம்மா அநியாயத்தை! அஞ்சு வருஷம் நான் போட்டதைத் தின்னதுங்க. ஒண்ணாவது என்னை நிமிர்ந்து பாக்குதா?"

நாச்சியம்மை சொன்னார்: "புல்லைப் பாக்க வேண்டிய கண்ணு, ஐயா. அஞ்சு வருஷம் உங்களையே பாத்துக்கிட்டு கிடந்துச்சு."