கண்மாய் வரியும் பரிவட்டமும்

மேலக்குடிக்கும் கீழக்குடிக்கும் ஒரே கண்மாய்தான். அதற்கான வரியையும் இரண்டு ஊரும் சேர்ந்தே கட்டின. மேலக்குடிக்கு வயல் அதிகம், அதனால் வரியிலும் பெரும்பங்கு. அதிகம் கட்டும் ஊருக்கே அய்யனார் திருவிழாவில் முதல் மரியாதை என்பது வழக்கம். வருஷா வருஷம் பரிவட்டம் மேலக்குடி ஊர்த்தலைவரான அம்பலம் வீரணன் தலையில்தான் ஏறும்.

அந்த வருஷம் வரி பிரிக்க வந்த தாசில்தாரிடம் அம்பலம் மீசையை முறுக்கினார்.

“கரை முக்கால்வாசி கீழக்குடி எல்லையில கிடக்கு. கரையை அளந்து வரியைப் பிரிங்க. பெரும்பங்கை அவங்களே கட்டட்டும்.”

கீழக்குடிக்காரர்கள் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்கள். அவ்வளவு கட்டினால் விதைநெல்கூட மிஞ்சாது. மடை திறக்கும் இருளாயி மட்டும் முன்னால் வந்து கும்பிட்டாள்.

“அம்பலம் சொன்னா சரிதாங்க சாமி, நாங்களே கட்டுறோம். வர்ற திருவிழாவுல பரிவட்டத்தை எங்க ஊர்ல யார் தலையில கட்டுறதுன்னு பேசி முடிவு பண்ணிக்கிறோம்.”

அம்பலத்தின் கை மீசையை விட்டுத் தலைக்குப் போனது. தொண்டையைச் செருமினார்.

“பழைய வழக்கத்தை எதுக்கு மாத்தணும்? பெரும்பங்கை நாங்களே கட்டிடுறோம்.”

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே எழுதினார்.

திருவிழாவில் அம்பலத்துக்குப் பரிவட்டம் கட்டியபோது இருளாயி போட்ட குலவை இரண்டு ஊருக்கும் கேட்டது.